டெல்லி நேர்முகத் தேர்வு: அழைப்புக் கடிதத்துக்குக் காத்திருப்பதும் டிக்கெட் போடுவதும்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வு முடிவு வந்த அன்று மாலையே எங்கள் வீட்டில் டிக்கெட் பேச்சு தொடங்கிவிட்டது. தென்காசியிலிருந்து டெல்லி போக வேண்டும். மாமா விமானம்தான் சரி என்றார். சித்தப்பா, "கவர்மென்ட் இன்டர்வியூவுக்குப் போறவனுக்கு ரயில் இலவசம், துட்டு எதுக்கு?" என்றார். அம்மா மட்டும் அடுப்படியில் நின்றபடியே, "காயிதம் கைக்கு வரட்டும்லே, பெறவு டிக்கெட்டு போடலாம்" என்று சொன்னார்.

நான் அம்மா பேச்சைக் கேட்கவில்லை. ஒரு டெலிகிராம் குழுவில் சுற்றிய 'உத்தேசத் தேதி'யை நம்பி விமான டிக்கெட் எடுத்தேன். என் தேதி அதற்கு ஐந்து வாரம் தள்ளி வந்தது. எடுத்தது மலிவுக் கட்டண டிக்கெட். ரத்து செய்ததில் திரும்பி வந்தது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அந்த முறை இறுதிப் பட்டியலிலும் என் பெயர் இல்லை, அது வேறு கதை. அடுத்த ஆண்டு மறுபடி அழைப்பு வந்தபோது கொஞ்சம் நிதானமாகச் செய்தேன். வீட்டிலேயே முதல் ஆளாக டெல்லிக்குப் போகிறவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன். யூ.பி.எஸ்.சி. நேர்முகத் தேர்வை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். சென்னைக்குப் போகிற டி.என்.பி.எஸ்.சி. ஆட்களுக்கு இதில் பாதி தேவைப்படாது, ஒரு ராத்திரி ரயிலில் வேலை முடிந்துவிடும்.

தேதி எப்படி வருகிறது

முடிவு எல்லோருக்கும் ஒரே நாளில் வரும். நேர்முகத் தேர்வுத் தேதி அப்படி வராது. 2023-ஆம் ஆண்டுத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். முதன்மைத் தேர்வு முடிவு 2023 டிசம்பரில் வந்தது. நேர்முகத் தேர்வை மூன்று கட்டமாக நடத்தினார்கள். முதல் கட்டம் 2024 ஜனவரி 2-இல் தொடங்கியது, கடைசிக் கட்டம் ஏப்ரல் 9-இல் முடிந்தது. அதாவது ஒரே நாளில் தேறிய இருவரில் ஒருவர் மூன்றரை வாரத்தில் டெல்லியில் இருந்தார், இன்னொருவர் நான்கு மாதம் காத்திருந்தார். அடுத்த ஆண்டு 2,845 பேருக்கு 2025 ஜனவரி 7-இல் தொடங்கி ஏப்ரல் 17 வரை நடந்தது. முதல் கட்டப் பட்டியலில் உங்கள் எண் இல்லையென்றால் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. முன்னால் கூப்பிட்டவருக்கு மதிப்பெண் அதிகம் என்பதெல்லாம் டீக்கடைக் கணக்கு.

முதலில் எண், தேதி, காலையா மாலையா என்ற விவரத்தோடு அட்டவணை வரும். அப்புறம் யூ.பி.எஸ்.சி. இணையதளத்தில் உங்கள் பெயருக்கான மின் அழைப்புக் கடிதத்தைத் தரவிறக்கலாம். அந்தக் கடிதம்தான் நீங்கள் நம்ப வேண்டிய ஒரே காகிதம். தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். அக்காள் கல்யாணம் அதே வாரம் என்றால் கல்யாணத்தைத்தான் நீங்கள் தவறவிட வேண்டியிருக்கும்.

ஆனால் அவர்களே மாற்றுவார்கள். டெல்லி சட்டமன்றத் தேர்தல் 2025 பிப்ரவரி 5-இல் வந்ததால் அன்றைக்கு இருந்த நேர்முகத் தேர்வுகளை பிப்ரவரி 8-க்குத் தள்ளினார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றுபோன நேர்முகத் தேர்வு ஜூலை 20-இல்தான் மறுபடி தொடங்கியது. ரயில்கள் சரியாக ஓடாததால் அந்த ஒரு முறை மட்டும் விமானக் கட்டணத்தையே திருப்பித் தந்தார்கள். ஆகவே கடிதம் வந்த பிறகும் இரண்டு நாளைக்கு ஒருமுறை இணையதளத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை பார்க்க வேண்டியதில்லை. நான் பார்த்தேன், அதனால் கடிதம் ஒரு நாள்கூட முன்னால் வரவில்லை.

காத்திருக்கும் நாள்களில் முடித்துவைக்க வேண்டியது

தேதி தெரியாமலே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. அதை முடித்துவிட்டால் கடிதம் வந்த அன்று பயணச்சீட்டு எடுப்பது மட்டும்தான் பாக்கி இருக்கும்.

முதல் வேலை, ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரைச் சரிபார்த்து வைப்பது. 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்க இது கட்டாயம். அதே ஆண்டு அக்டோபரிலிருந்து சாதாரண முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிடமும் ஆதார் சரிபார்த்தவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள், பிறகு அந்த நேரத்தை இன்னும் நீட்டித்தார்கள். அண்ணன் கணக்கில், ஊர் பிரவுசிங் சென்டர்க்காரர் கணக்கில் எடுக்கிற பழக்கம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிட்டு உங்கள் பெயரில் ஒன்று தொடங்குங்கள். ஆதாரில் இருக்கிற கைப்பேசி எண் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் காலை பத்து மணிக்கு ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது, சான்றிதழ்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், புகைப்பட அடையாள அட்டை எல்லாம் மூலப்படியாகவே வேண்டும், கூடவே நகல்களும். நம் ஊர்க்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஓ.பி.சி. சான்றிதழ். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சான்றிதழும் மத்திய அரசு வேலைக்கான ஓ.பி.சி. சான்றிதழும் ஒன்றல்ல. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவு) வரவில்லை என்று குறிப்பிட்டு வாங்கியதுதான் செல்லும். அது எந்தத் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது தேர்வு அறிவிக்கையில் இருக்கும். விண்ணப்பத்தில் எந்தச் சான்றிதழைக் குறிப்பிட்டீர்களோ, அதன் மூலப்படியைத் தேடி எடுத்து வையுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், பட்டத்தில் விரித்தெழுதிய பெயர் என்று இருந்தால், அதற்கு என்ன ஆவணம் கேட்கிறார்கள் என்று படித்து இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். தாலுகா ஆபீஸ் உங்கள் அவசரத்துக்கு ஓடாது.

மூன்றாவது, பணம். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில், நேர்முகத் தேர்வுக்குத் தகுதி பெற்ற தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 50,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. முதன்மைத் தேர்வு முடிவுக்குப் பிறகு இணையத்தில் விண்ணப்பம் திறப்பார்கள். திறந்திருக்கும் நாள்கள் குறைவு, அதனால் கண் வைத்திருங்கள். சென்னையிலுள்ள அகில இந்திய குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் மாதிரி நேர்முகத் தேர்வும் நடத்துகிறது. அதற்காக ஒருமுறை சென்னை போய்வர வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

நான்காவது, துணி. கோட்டு தைக்கக் கொடுப்பதானால் இப்போதே கொடுங்கள். தேதி வந்தபின் கொடுத்தால் தையல்காரர் "நாளைக்கு வாங்க தம்பி" என்று சொல்லிச் சொல்லியே உங்கள் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுவார். சேலை கட்டப் போகிறவர்கள் அதைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள். புதுச் செருப்பை, புது ஷூவை டெல்லியில் முதன்முதலாகப் போடாதீர்கள்.

ரயில் இலவசமா?

சித்தப்பா சொன்னதில் பழைய உண்மை ஒன்று இருந்தது. வேலையில்லாத இளைஞர்கள் மத்திய, மாநில அரசு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனால் இரண்டாம் வகுப்பில் முழுச் சலுகையும் ஸ்லீப்பரில் பாதிச் சலுகையும் ரயில்வே ஒரு காலத்தில் கொடுத்தது. 2020 மார்ச் 20-இல் மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள், மாணவர்கள் ஆகியோரில் சில வகையினரைத் தவிர மற்ற எல்லாச் சலுகைகளையும் நிறுத்தினார்கள். மூத்த குடிமக்கள் சலுகையோடு இதுவும் சேர்ந்து போய்விட்டது. ஆகவே முதலில் கைக்காசைப் போட்டுத்தான் போக வேண்டும்.

பிறகு யூ.பி.எஸ்.சி. அதைத் திருப்பித் தரும், ஆனால் ஒரு வரம்பு உண்டு. மெயில், எக்ஸ்பிரஸ் ரயிலின் இரண்டாம் வகுப்பு அல்லது ஸ்லீப்பர் கட்டணம், போக வர. நீங்கள் விமானத்தில் போனாலும் மூன்றடுக்கு ஏ.சி.யில் போனாலும் கிடைப்பது அந்த வரம்புக்குள்தான். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஸ்லீப்பர் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் என்பதால், எவ்வளவு திரும்பி வரும் என்பதை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மாமா சொன்ன விமானம் உங்கள் சொந்தச் செலவு.

டிக்கெட் எடுப்பது

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது. முன்பு 120 நாள். நேர்முகத் தேர்வுக்காரர்களுக்கு இது ஒருவகையில் நல்லதுதான். தேதி தெரிந்த ஊர்ச் சனமெல்லாம் நான்கு மாதம் முன்னால் இடம் பிடித்துவிட, நாம் மூன்று வாரம் இருக்கும்போது போய் நிற்கிற நிலைமை கொஞ்சம் தணிந்திருக்கிறது.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, நேர் ரயில். கன்னியாகுமரியிலிருந்து கிளம்பி திருநெல்வேலி, மதுரை வழியாகப் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸும், மதுரையிலிருந்து கிளம்பும் சம்பர்க் கிராந்தியும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடுகின்றன. இரண்டும் டெல்லியில் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்துக்குத்தான் போகும், புதுடெல்லி நிலையத்துக்குப் போகாது. கூப்பிட வருகிற நண்பரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இன்னொரு வழி, சென்னைக்குப் போய் அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ கிராண்ட் டிரங்கோ பிடிப்பது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தினமும் உண்டு. இரவு பத்து மணிக்கு சென்ட்ரலில் கிளம்பி, ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் நாள் காலை ஆறரை வாக்கில் புதுடெல்லியில் இறக்கிவிடும். நான் இரண்டாம் முறை பொதிகையில் காலையில் எழும்பூரில் இறங்கி, பகல் முழுவதும் ஒரு நண்பனின் அறையில் கிடந்துவிட்டு, இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினேன். நடுவில் ஒரு பகல் வீணாகிறது என்று தோன்றும். முதல் ரயில் நான்கு மணி நேரம் தாமதமானாலும் இரண்டாவது தவறாது என்ற நிம்மதிக்கு அந்தப் பகலைக் கொடுக்கலாம்.

ஸ்லீப்பரா ஏ.சி.யா என்றால், காசு இருந்தால் மூன்றடுக்கு ஏ.சி. என்பேன். சொகுசுக்காக இல்லை. ஜனவரியில் நாக்பூரைத் தாண்டியதும் ஸ்லீப்பர் பெட்டியின் ஜன்னல் இடுக்கில் வரும் காற்று தொண்டையைக் கட்டிவிடும். கட்டின தொண்டையோடு ஐந்து பேர் முன்னால் உட்காருவது நன்றாக இருக்காது.

காத்திருப்போர் பட்டியலில் இடம் வந்தால் அது எந்த ஒதுக்கீட்டில் வந்திருக்கிறது என்று பாருங்கள். ரயில் கிளம்பும் ஊரிலிருந்து எடுத்த பொதுப் பட்டியல் வேகமாக நகரும். நடுவழி நிலையங்களுக்கான கூட்டுப் பட்டியல் நகராது, பாறை மாதிரி நிற்கும். ஆர்.ஏ.சி. கிடைத்தால் ஏறலாம், ஆனால் இரண்டு இரவு பாதி இருக்கையில் உட்கார்ந்து போகும் துணிச்சல் எனக்கு இல்லை. இணைய டிக்கெட் கடைசிவரை காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது.

அப்படி இடம் உறுதியாகாமல் நின்றால் பலருக்குத் தெரியாத ஒரு வாசல் இருக்கிறது. ரயில்வேயில் அவசர ஒதுக்கீடு என்று சில இடங்களைக் கையில் வைத்திருப்பார்கள். அமைச்சர்களுக்கும் எம்.பி.க்களுக்கும் மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அரசுப் பணிப் பயணம், வீட்டில் சாவு, நோய் ஆகியவற்றோடு வேலைக்கான நேர்முகத் தேர்வையும் அந்த ஒதுக்கீட்டில் கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்று ரயில்வேயே சொல்கிறது. உங்கள் காத்திருப்பு டிக்கெட்டின் பி.என்.ஆர். எண், ரயில் எண், தேதி எல்லாம் எழுதி, அழைப்புக் கடிதத்தின் நகலை இணைத்து, அந்த ரயிலுக்கு உரிய கோட்ட அலுவலகத்தின் வணிகப் பிரிவில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ரயில் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளே அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. ஆனாலும் ஒரு வெள்ளைத்தாள் செலவில் முயன்று பார்க்கலாம். இதற்காக இருநூறு முந்நூறு வாங்கிக்கொண்டு முடித்துத் தருகிறேன் என்று நிலைய வாசலில் யாராவது சொன்னால் விலகிப் போய்விடுங்கள்.

கடைசி ஆயுதம் தட்கல். ரயில் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள், ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. பயணியின் விவரத்தை முன்னமே கணக்கில் ஏற்றி வையுங்கள். உறுதியான தட்கலை ரத்து செய்தால் பணம் வராது. தட்கலை நம்பியே திட்டம் போடாதீர்கள். அது கிடைக்காமல் போனால் உங்களிடம் மிச்சம் இருப்பது விமானம் மட்டும்தான், அதுவும் அன்றைய விலையில்.

விமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடிதம் வந்து பத்து நாள்தான் இருக்கிறது, ரயிலில் இடமில்லை என்றால் தூத்துக்குடியிலோ மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ ஏறிப் போய்விடுங்கள். தென்காசிக்காரருக்குத் திருவனந்தபுரம் சில சமயம் மலிவாக அமையும். டெல்லி போய்ச் சேரும் விமானமாக அதிகாலை விமானத்தை எடுக்காதீர்கள், காரணம் கீழே.

எந்த நாள் போய்ச் சேருவது

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வடக்கே பனிமூட்டம். ஜான்சி, ஆக்ரா தாண்டியதும் ரயில் நத்தையாகிவிடும். ஐந்து மணி, எட்டு மணி தாமதம் என்பது அங்கே செய்தியே கிடையாது. டெல்லி விமான நிலையத்தில் அதிகாலை விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பிப் போவதும் உண்டு. ஜனவரித் தேதி என்றால் நேர்முகத் தேர்வுக்கு இரண்டு முழு நாள் முன்னால் டெல்லியில் இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். மார்ச், ஏப்ரல் என்றால் ஒரு முழு நாள் போதும். மார்ச்சில் ஹோலி எந்த வாரம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வாரம் வடக்கே எந்த ரயிலிலும் கால் வைக்க இடம் இருக்காது. பொங்கலையொட்டி நம் பக்கத்திலும் அதே கதை.

குடியரசு தினம் இன்னொரு சிக்கல். யூ.பி.எஸ்.சி. இருக்கிற தோல்பூர் ஹவுஸ், ஷாஜகான் சாலையில், இந்தியா கேட்டுக்குப் பக்கம். ஜனவரி 23-இல் அணிவகுப்பின் முழு ஒத்திகை, 26-இல் அணிவகுப்பு, 29-இல் பாசறை திரும்பும் நிகழ்ச்சி. அதற்கு முந்தைய நாள்களிலும் காலை வேளைகளில் ஒத்திகை நடக்கும். அந்த வட்டாரத்தில் சாலைகளை அடைப்பார்கள், மத்தியச் செயலகம் மெட்ரோ நிலையத்திலும் கட்டுப்பாடு இருக்கும். உங்கள் தேதி அந்த இரண்டு வாரத்துக்குள் விழுந்தால் டெல்லி போக்குவரத்துப் போலீஸின் அறிவிப்பை முந்தைய நாள் பார்த்துவிட்டுப் படுங்கள்.

திரும்பும் டிக்கெட்டில் நான் முதல் முறை செய்த தப்பு, நேர்முகத் தேர்வு அன்றிரவே போட்டது. குடிமைப் பணிக்கான மருத்துவப் பரிசோதனை, நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு டெல்லி மருத்துவமனைகளில் நடக்கும். வழக்கமாக அடுத்த வேலை நாளே கூப்பிட்டுவிடுவார்கள். நேர்முகத் தேர்வு வெள்ளிக்கிழமை என்றால் சனி, ஞாயிறும் டெல்லியில்தான். சில பரிசோதனைகளை மறுநாளும் வரச்சொல்லி முடிப்பார்கள். கடிதத்தோடு வருகிற மருத்துவப் பரிசோதனைக் குறிப்பைப் படித்துவிட்டு, அதற்கு மேல் ஒரு நாள் கூட்டித் திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள். திரும்பும்போது நீங்கள் எப்படிப் போனாலும் பரவாயில்லை, ஸ்லீப்பரில் தூங்கிக்கொண்டே வரலாம்.

எங்கே தங்குவது

பழைய ராஜேந்தர் நகர், கரோல் பாக் பகுதிகளில் தேர்வுக்குப் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது அங்கே இருந்தால் அவர்கள் அறையிலேயே தங்கச் சொல்வார்கள். அன்பை மறுக்க வேண்டாம், ஆனால் நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் தனி அறை எடுங்கள். நான்கு பேர் படுக்கிற அறையில் நீங்கள் ஒருவர்தான் மறுநாள் காலை ஆறு மணிக்கு எழ வேண்டியவர். மற்ற மூவரும் ராத்திரி இரண்டு மணி வரை உங்களுக்கு மாதிரிக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சாணக்கியபுரியில் தமிழ்நாடு இல்லம் இருக்கிறது. தேதி தெரிந்ததுமே அறை இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள், கடிதத்தின் நகலோடு. ராமகிருஷ்ணபுரத்தில் டெல்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். விடுதி எடுப்பதாக இருந்தால் மெட்ரோவுக்கு நடக்கிற தூரத்தில் எடுங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டு வையுங்கள். ஜனவரியில் காலை வெப்பநிலை ஐந்து டிகிரி வரைக்கும் இறங்கும். பச்சைத் தண்ணீர்க் குளியல் நம் குற்றாலத்துக்காரர்களுக்கும் ஆகாது.

பையில் என்ன

சான்றிதழ் உறையும் நேர்முகத் தேர்வுக்குப் போடும் துணியும் எப்போதும் உங்கள் கைப்பையில். ரயிலில் தலைக்கு வைத்துப் படுங்கள், விமானத்தில் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். அழைப்புக் கடிதம் மூன்று பிரதி. ஒன்று பையில், ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில் இருப்பவர்களிடம். எல்லாச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஒன்று அனுப்பி வையுங்கள்.

குளிருக்கு உள்ளாடை போலப் போடுகிற தெர்மல், ஒரு கம்பளிக் குல்லா, காலுறை, உதட்டுக்கு வாசலின். தேங்காய் எண்ணெய் டெல்லிக் குளிரில் கல்லாக உறைந்துவிடும். காலையில் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நான் முழித்த முழிப்பு இன்னும் நினைவிருக்கிறது. சின்னக் குப்பியில் ஊற்றி வெந்நீரில் வைத்தால் இளகும். அம்மா கட்டிக்கொடுக்கிற புளிசாதம் முதல் நாளோடு சரி, இரண்டாம் நாள் தொடாதீர்கள். முறுக்கும் பொரிகடலையும் பிரச்சினை பண்ணாது.

அந்த நாள்

முந்தைய நாள் ஒருமுறை இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். புதுடெல்லி ரயில் நிலையத்திலிருந்து மஞ்சள் வழித்தட மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் மத்தியச் செயலகம். அங்கே ஊதா வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே கான் மார்க்கெட். வெளியே வந்து ஆட்டோவில் ஏறி, "யூ.பி.எஸ்.சி., ஷாஜகான் ரோடு" என்றால் போதும், அதற்கு மேல் இந்தி தேவையில்லை. எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து, மறுநாளுக்கு அதைப்போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள்.

காலை அமர்வு என்றால் 9 மணிக்கு, பிற்பகல் என்றால் 1 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். உள்ளே போனதும் சான்றிதழ் சரிபார்ப்பு, அப்புறம் காத்திருப்பு. எந்தக் குழு முன்னால் போகிறீர்கள் என்பது கடைசியில்தான் தெரியும். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் போல ஆகும். வரிசையில் நீங்கள் கடைசி ஆளாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டிவரும், கைப்பேசியும் கையில் இருக்காது. நான் முதல் முறை அந்த நேரம் முழுவதும் மனத்துக்குள் பதில்களை ஒப்பித்து, உள்ளே போகும்போது களைத்துப்போயிருந்தேன். இரண்டாம் முறை பக்கத்தில் இருந்த ஒடிசாக்காரரோடு அவர் ஊர் மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே போனபோது வாய் ஏற்கெனவே பேசிப் பழகியிருந்தது. தமிழில் பதில் சொல்வதாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் மொழிபெயர்ப்பாளர் இருப்பார், அதை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

பயணப்படி

யூ.பி.எஸ்.சி. திருப்பித் தரும் கட்டணத்தைத்தான் பயணப்படி என்கிறார்கள். அதற்கான படிவத்தை முந்தைய இரவே நிரப்பி வையுங்கள். பயணச்சீட்டின் அச்சுப்படியில் பி.என்.ஆர். எண்ணும் கட்டணமும் தெளிவாகத் தெரிய வேண்டும். பெட்டி எண் மட்டும் வருகிற குறுஞ்செய்தியைக் காட்டினால் செல்லாது. தென்காசி–சென்னை, சென்னை–டெல்லி என்று இரண்டு டிக்கெட்டாகப் போயிருந்தால் இரண்டையும் இணையுங்கள். திரும்பும் டிக்கெட்டின் அச்சுப்படியும் வேண்டும். விமானத்தில் போயிருந்தால் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு முதல் முறை ஒரு அச்சுப்படி குறைந்தது, பக்கத்தில் கடை எதுவும் தென்படவில்லை, கான் மார்க்கெட் வரை ஓட வேண்டியதாயிற்று. அங்கே ஒரு பக்கம் அச்செடுக்க வாங்கிய காசில் நம் ஊரில் இரண்டு பேர் டீ, வடை சாப்பிடலாம்.